ஒளி வேண்டா மென்பவளங்கள்: தொட்டியில் வளர்த்த வரலாறும் இரையூட்டலும்

ஒளி வேண்டா மென்பவளங்கள் என்பவை உடலுக்குள் பாசிகளைக் குடிவைக்காமல், நீரோட்டம் கொண்டுவரும் இரையை மட்டுமே நம்பி வாழும் கடல் விலங்குகள். பவளப்பாறைகளைக் கட்டும் பவளங்களில் பெரும்பாலானவை தம் திசுக்களில் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகளை வைத்திருக்கின்றன. அப்பாசிகள் சூரிய ஒளியில் ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குச் சேர்கிறது. எனவே அத்தகைய பவளத்தை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர் நல்ல விளக்கு ஒன்றைப் பொருத்தினால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. ஒளி வேண்டா மென்பவளத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஒவ்வொரு வேளையும் வெளியிலிருந்து ஊட்டப்பட வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பவளம் எதுவும் தானாக ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. செய்வது உள்ளே இருக்கும் பாசி. பவளம் விலங்கு. மென்பவளங்கள் எட்டு உணரிழைகள் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒவ்வோர் உணரிழையின் இரு மருங்கிலும் இறகில் உள்ளதுபோலச் சிறு கிளைகள் இருக்கும். கல்பவளங்களின் உணரிழைகள் பெரும்பாலும் ஆறின் மடங்காக அமையும். மென்பவளம் கல்லாகக் கெட்டிப்படுவதில்லை. உடலெங்கும் சுண்ணாம்பு நுண்முட்கள் சிதறிக்கிடக்க, நீரை உள்ளே ஏற்றி விறைத்து நிற்கும். நீரை வெளியேற்றினால் வாடிய பூங்கொத்துபோலச் சுருங்கிவிடும்.

இவற்றுள் மிகவும் பெயர்பெற்றது டென்ட்ரோநெஃப்தியா. சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, இளஞ்சிவப்பு எனக் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் செங்கடல் முதல் பசிபிக் வரை 200க்கும் மேற்பட்ட இனங்கள் இப்பேரினத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்தவுடன் வாங்கத் துடிப்பார்கள். வாங்கியவர்களில் மிகப் பலர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது கரைந்து மறைவதைப் பார்த்திருக்கிறார்கள். நீர் தூய்மையாக இருக்கும், வெப்பநிலை சரியாக இருக்கும், உப்பின் அளவு சரியாக இருக்கும். ஆனாலும் அது சாகும். காரணம் நோய் அன்று, பட்டினி. தொட்டி நீரைத் தெளிவாக்க மனிதன் கண்டுபிடித்த ஒவ்வொரு கருவியும் இந்த விலங்கின் உணவை எடுத்துக் குப்பையில் போட்டது என்பதே இவ்வரலாற்றின் உட்கரு.

'''கண்ணாடிச் சாடியில் பூத்த பவளம்'''

தமிழருக்குப் பவளம் என்றால் நவரத்தினங்களுள் ஒன்றான செம்பவளம்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தச் செம்பவளமும் ஒளி வேண்டா வகையைச் சேர்ந்ததே. மென்பவளங்களைப் போலவே எட்டு உணரிழைகள் கொண்டது. நடுவே சிவந்த கல் அச்சு இருப்பது மட்டுமே வேறுபாடு. மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் அது வளர்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, முசிறித் துறைக்கு மேற்கிலிருந்து வந்த பொருள்களுள் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ரோமானியர் முத்தை எவ்வாறு மதித்தார்களோ அவ்வாறே இந்தியர் பவளத்தை மதித்தார்கள் என்று பிளினி எழுதினார். ஆனால் கரைக்கு வந்து சேர்ந்தது உயிரற்ற அச்சு மட்டும். உயிருள்ள பவளம் எப்படியிருக்கும் என்பது நெடுங்காலம் மீனவர்களுக்குக்கூடச் சரியாகத் தெரியாது.

1706-ல் இத்தாலியப் பிரபுவான லூயிஜி ஃபெர்டினாண்டோ மர்சீலி, பிரான்சின் தென்கரையில் அப்போதுதான் எடுக்கப்பட்ட பவளக் கிளைகளைக் கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கலங்களில் வைத்தார். சற்று நேரத்தில் கிளையெங்கும் எட்டு இதழ்கள் கொண்ட வெண்ணிறப் "பூக்கள்" மலர்ந்தன. நீரிலிருந்து தூக்கியதும் மூடிக்கொண்டன. மீண்டும் நீரில் இட்டதும் விரிந்தன. பவளம் தாவரமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அவர் மகிழ்ந்தார்.

மார்செய் நகர மருத்துவரான ழான்-ஆந்த்ரே பேசொனெல் 1720-களில் அதே சோதனையைச் செய்தார். முதலில் மார்செயிலும் பின்னர் வட ஆப்பிரிக்கக் கரையிலும் பவளத்தைக் கலத்தில் வைத்துப் பார்த்த அவர், அவை பூக்கள் அல்ல, உணரிழைகளை நீட்டி மடக்கும் சிறு விலங்குகள் என்று கண்டார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த ரெயோமூர் இதை நம்பவில்லை. 1727-ல் இக்கருத்தைக் கழகத்தின் முன் எடுத்துரைத்தபோது பேசொனெலின் பெயரையே சொல்லவில்லை. இளைஞருக்கு அவப்பெயர் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் மறைத்தாராம்! 1740-களில் ஆபிரகாம் டிரெம்ப்ளி நன்னீர் ஹைட்ராவை ஆராய்ந்து அது விலங்கென நிறுவிய பிறகே பேசொனெல் சொன்னது சரியென்று ஏற்கப்பட்டது.

மர்சீலியும் பேசொனெலும் வைத்திருந்தவை வளர்ப்புத் தொட்டிகள் அல்ல. சில நாள்கள் பார்ப்பதற்கான கலங்கள்தாம். ஆயினும் பவளம் விலங்கு என்ற அறிவே ஒளி வேண்டாப் பவளம் ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்ததால் கிடைத்தது. விலங்கென்றால் அது எதையோ தின்ன வேண்டும் என்ற அடுத்த கேள்விக்கு முழு விடை கிடைக்க இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

'''வெஸ்ட்மின்ஸ்டர் வீட்டில் ஒரு தொட்டி'''

வீட்டில் கடல்விலங்குகளை நீண்டகாலம் காப்பாற்றியவர்களுள் முன்னோடி ஆன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் சமயப் பொறுப்பில் இருந்தார். 1846-ல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டார்க்கீ என்னும் ஊருக்குச் சென்றிருந்தபோது ஆன்னா அங்குள்ள சிறு பவளங்களைக் கண்டு வியந்தார். பயணத்தில் அடிபடாமல் இருக்க அவற்றை ஊசிநூலால் கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரம்பிய சாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல்நீர் எளிதில் கிடைக்காது. இருக்கும் நீரையே திறந்த சாளரத்தின் முன் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினார்கள். நாள்தோறும் அரை மணி நேரத்துக்கும் மேல் பிடித்த இந்த வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அந்தச் சிறுமியின் பெயர் அறிவியல் நூல்களில் இடம்பெறவில்லை. அவள் கை ஓய்ந்திருந்தால் பவளங்கள் பிழைத்திருக்கா. அடுத்த ஆண்டில் ஆன்னா கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார். பவளங்கள் உயிரோடு இருந்ததோடு பெருகவும் செய்தன. அவர் எழுதிய குறிப்புகள் 1859-ல் இயற்கை வரலாற்று இதழ் ஒன்றில் அச்சாயின.

அவர் வளர்த்தது மென்பவளம் அன்று. கிண்ணம்போன்ற தனித்த கல்பவளம். ஆனால் அதன் உடலிலும் பாசி இல்லை. ஆக, வீட்டுத் தொட்டியில் நிலைத்து வாழ்ந்த முதல் பவளங்கள் விளக்கையோ வெயிலையோ உண்டு வாழ்ந்தவை அல்ல. இதைப் பிற்காலத்துப் பொழுதுபோக்காளர்கள் அடியோடு மறந்தார்கள்.

"அக்வேரியம்" என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பிய பிலிப் ஹென்றி காஸ் 1853, 1854 ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் ஆங்கில நடுத்தரக் குடும்பங்களில் கடல் தொட்டி மோகத்தைக் கிளப்பின. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லமும் திறக்கப்பட்டது. காஸ் கிண்ணப் பவளத்துக்குச் சிறு இரைகளைக் கையாலேயே கொடுத்து, அதன் உணரிழைகள் பற்றி உள்ளிழுப்பதை விவரித்தார். அதன் வாய் பெரிது. ஒரு துண்டு இறைச்சியை வைத்தால் விழுங்கிவிடும்.

அதே கடலில் வாழும் ஆல்சியோனியம் டிஜிட்டேட்டம் என்ற மென்பவளத்திடம் இந்த வித்தை பலிக்காது. பிணத்தின் விரல்கள் என்று மீனவர்கள் பெயரிட்ட அந்த வெள்ளை, ஆரஞ்சுக் கட்டியில் நூற்றுக்கணக்கான நுண்வாய்கள் உள்ளன. எந்த வாய்க்கு எதை ஊட்டுவது? இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்விலங்கு ஆண்டில் சில மாதங்கள் பாலிப்புகளை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, இரையுண்ணாமல், மேலே பாசி படர மூடிக்கிடக்கும். விவரம் அறியாதவர் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுவார். பிறகு அந்த மேல்தோலை உதறிவிட்டு மீண்டும் விரியும்.

'''தெளிந்த நீரின் காலம்'''

காஸின் நூல்களைப் படித்துத் தொட்டி வைத்த பலருக்கு விரைவில் நீர் கலங்கிப் பச்சையாகி நாறியது. அதற்குத் தீர்வு கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். லண்டனில் கடல் தொட்டிப் பொருள்கள் விற்கும் கடை நடத்திவந்த அவர், பின்னர் ஹாம்பர்க் நகரிலும், 1871-ல் திறக்கப்பட்ட லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்திலும் தம் முறையைச் செயல்படுத்தினார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருட்டில் வைத்து, அதிலிருந்து நீரை இடைவிடாமல் சுழலவிடுவதே அம்முறை. இருட்டில் மிதக்கும் பாசிகள் மடிந்துவிடும், நீர் பளிங்காகும். பார்வையாளர்கள் மீன்களை நன்றாகக் காணலாம். லாயிட்டின் அறிவுக்கூர்மையில் குறை காண முடியாது. ஆனால் பளிங்கு நீர் என்பது மிதவை உயிரிகள் இல்லாத நீர் என்பதும் அன்றே தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் போக்கு வீடுகளுக்குள் வந்தது. 1960-களில் செயற்கைக் கடலுப்பு பைகளில் விற்பனைக்கு வந்ததால் கடலே இல்லாத ஊர்களிலும் கடல் தொட்டி வைக்க முடிந்தது. ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்ட புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் நுரைப்பான், நுண் காற்றுக்குமிழிகளில் கழிவுகளை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றியது. செயற்கைக் கடலுப்பைக் கரைத்த நீரில் ஒரு மிதவை உயிரிகூட இருக்காது. தப்பித்தவறி உண்டாவதையும் நுரைப்பான் வாரிவிடும்.

இதற்கு மாறாக ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறைகளையும் இயற்கைக் கடல்நீரையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்தார். அவருடைய முறை 1961-ல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தது. அவருக்குக் கடலும் வெயிலும் வாசலில் இருந்தன. சிகாகோவிலோ முனிச்சிலோ இருப்பவர் என்ன செய்வார்?

'''விளக்கின் வெற்றி'''

பவளத்தின் உள்ளே உள்ள மஞ்சள் நுண்ணுயிர்களுக்குச் சூசாந்தெல்லா என்ற பெயரை 1881-ல் கார்ல் பிராண்ட் சூட்டினார். அவை பவளத்துக்கு உணவளிக்கின்றனவா என்பது நெடுங்கால வழக்கு. 1928-29-ல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறைக்குச் சென்ற ஆய்வுக்குழுவின் தலைவர் சி. எம். யங், பவளங்கள் இரையுண்ணும் விலங்குகளே, பாசியைச் செரித்து வாழ்பவை அல்ல என்று வலியுறுத்தினார். பின்னாளில் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு நடந்த ஆய்வுகள், பாசியிடமிருந்து பவளத்துக்கு உணவு செல்வதை உறுதிசெய்தன.

இந்த அறிவைத் தொட்டி வளர்ப்பாளர்கள் 1970-களிலும் 80-களிலும் பயன்படுத்திக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தில் பீட்டர் வில்கென்ஸ், பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் ஆகியோர் உயிர்ப்பாறை, வலிய நுரைப்பான், மெட்டல் ஹாலைடு விளக்கு ஆகிய மூன்றையும் இணைத்தனர். இதற்குப் பெர்லின் முறை என்று பெயர். முன்பு சில வாரங்களில் மடிந்த பவளங்கள் இப்போது வளர்ந்து கிளைத்தன. வெட்டி நண்பர்களுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பெருகின. பவளத்துக்கு ஒளி கொடு, நீரைத் தூய்மையாக வை, இரை போடாதே என்பது பொதுவிதியாயிற்று.

ஒளியுண்ணும் பவளங்களுக்கு அது நல்ல விதி. டென்ட்ரோநெஃப்தியாவுக்கு அது மரண தண்டனை. இதன் நிறம் பாசியால் வருவதன்று, நுண்முட்களிலும் திசுவிலும் உள்ள நிறமியால் வருவது. ஒளி தேவையில்லை என்பதைச் சிலர் "பராமரிப்பு தேவையில்லை" என்றே எடுத்துக்கொண்டார்கள். மங்கலான மூலையில் வைத்தால் போதும் என்ற அறிவுரையோடு வாங்கிச்சென்ற பவளம் தன் உடலையே கரைத்து உண்டு, நாளுக்கு நாள் சிறுத்தது. உடல் சுருங்கச் சுருங்க நுண்முட்கள் நெருங்கி நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். நன்றாக நிறம் பிடித்திருக்கிறது என்று உரிமையாளர் நினைத்திருக்கும்போதே அது இறுதிக்கட்டத்தில் இருக்கும்.

இரை போட்டவர்களும் இல்லாமல் இல்லை. விலங்கென்றால் புலால் உண்ணும் என்று கருதி, கல்பவளங்களுக்குப் போடும் ஆர்ட்டீமியா குஞ்சுகளைப் போட்டுப் பார்த்தார்கள். தவறு எங்கே என்று செங்கடலில்தான் தெரிந்தது.

'''எய்லாட்டில் கிடைத்த விடை'''

செங்கடலின் வடமுனையில் உள்ள எய்லாட் நகரக் கரையில் டென்ட்ரோநெஃப்தியா ஹெம்ப்ரிச்சி மிகுதியாக வளர்கிறது. பாறையில் மட்டுமல்லாமல், கப்பல் துறைத் தூண்களிலும் நீரில் மூழ்கிய இரும்புச் சட்டங்களிலும் செழிக்கும். இத்தனை மிகுதியாக வளரும் ஒன்று எதைத் தின்கிறது என்று கத்தரீனா ஃபாப்ரிசியஸ், யெஹுடா பெனயாஹு, அமாட்ஸியா கெனின் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். பாலிப்புகளின் வயிற்றைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே நிறைந்திருந்தவை தாவர மிதவை உயிரிகள், அதாவது மிதக்கும் நுண்பாசிகள். விலங்கு மிதவை உயிரிகள் அரிதாகவே இருந்தன. நுண்பாசியிலிருந்து கிடைக்கும் கார்பன், விலங்கு மிதவையிலிருந்து கிடைப்பதைவிடப் பன்மடங்கு என்றும் கணக்கிட்டார்கள். கட்டுரை 1995-ல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. புலாலுண்ணி என்று இருநூறு ஆண்டுகளாகக் கருதப்பட்ட கூட்டத்தில் சைவ உணவுக்காரர் ஒருவர் இருந்தார்!

அதே ஆண்டு வெளியான மற்றொரு கட்டுரையில் நீரோட்டத்தின் பங்கு விளக்கப்பட்டது. இம்மென்பவளம் இரையைத் தேடிப் போவதில்லை. உணரிழைகளின் இறகுக் கிளைகளைச் சல்லடையாக விரித்துக் காத்திருக்கிறது. ஓட்டம் மிகக் குறைந்தால் சல்லடைக்கு வரும் இரை குறையும். மிக வலுத்தால் பாலிப்புகள் வளைந்து சல்லடை மடங்கிவிடும். இடைப்பட்ட வேகத்தில்தான் வளர்ச்சி சிறக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். 10 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட பவளக் கொத்தின்மீது நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நீர் பாய்வதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,000 கன செ.மீ., அதாவது 1 லிட்டர் நீர் அதைக் கடக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். கடலில் அவ்வளவும் புதிய நீர். ஒவ்வொரு லிட்டரிலும் புதிய இரை. வீட்டில் உள்ள 200 லிட்டர் தொட்டியிலும் பம்பு அதே வேகத்தில் நீரைச் சுழற்றலாம். அப்போது ஒரே நீர் 432 முறை வந்துபோகும். முதல் சில சுற்றுகளில் இருந்த இரை தீர்ந்தபின் வருவது வெறும் உப்புநீர்.

'''இரையூட்டும் முறைகள்'''

எய்லாட் ஆய்வுக்குப் பிறகு, குறிப்பாக 2000-க்குப் பின், உலகின் பல நாடுகளில் தனிப்பட்ட வளர்ப்பாளர்கள் இவ்விலங்கை மீண்டும் முயன்றார்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை ஒரு பிடி இரை என்ற வழக்கத்தை விட்டு, சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் ஊட்டுவதே அவர்கள் செய்த பெரிய மாற்றம். சிறு குளிர்பதனப் பெட்டியில் பாசிக் கரைசலை வைத்து, அதிலிருந்து குழாய் வழியாக ஒரு சொட்டுப் பம்பு மணிக்கு இவ்வளவு மில்லிலிட்டர் என்று தொட்டியில் விடும். பாசி அடியில் படியாமல் இருக்கக் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனையில் நோயாளிக்கு டிரிப் ஏற்றுவது போன்ற ஏற்பாடு இது.

எந்தப் பாசி என்பதும் முக்கியம். எளிதில் கிடைப்பது நானோகுளோராப்சிஸ், அளவு 2 முதல் 4 மைக்ரான், செல்சுவர் தடித்தது. ஐசோகிரைசிஸ் சற்றே பெரியது. டெட்ராசெல்மிஸ் ஏறத்தாழ 10 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால் இவற்றின் நுண்மை புரியும். ஒன்றையே கொடுப்பதைவிடக் கலந்து கொடுப்பதை அனுபவசாலிகள் விரும்புகிறார்கள். இப்பாசிகளில் பல புதியவை அல்ல, சிப்பி வளர்ப்பிலும் இறால் வளர்ப்பிலும் பழகியவை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைக் குஞ்சகத்தில் வளர்த்து வெற்றிகண்டபோது அவற்றுக்கு ஊட்டியதும் ஐசோகிரைசிஸ்தான்.

எல்லா ஒளி வேண்டா மென்பவளங்களும் டென்ட்ரோநெஃப்தியாவைப் போலப் பாசி மட்டும் உண்பவை அல்ல. பெரிய பாலிப்புகள் உடைய கடல் விசிறிகளும், மிளகாய்ப் பவளம் என்று கடைகளில் அழைக்கப்படும் சிவந்த நெஃப்தியிகார்ஜியாவும் சிறு விலங்கு மிதவைகளையும் பற்றும். அவற்றுக்கு 100 முதல் 300 மைக்ரான் அளவுள்ள ரோட்டிஃபர்கள், கோபிபாடுகளின் குஞ்சுகள், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா ஆகியவை தரப்படுகின்றன. ஆர்ட்டீமியாவின் உலர்முட்டைகளை உப்புநீரில் காற்றேற்றி வைத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரித்த உடனே கொடுப்பது நல்லது. நேரம் ஆக ஆக அதன் கொழுப்பு தீர்ந்து சத்துக் குறையும். பாலிப்பின் வாயளவைப் பார்த்து இரையளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அடிப்படை.

இனி வருவது மறுபக்கம். போட்ட இரையில் பவளம் பிடிப்பது சிறு பகுதி. மீதி அழுகி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகச் சேரும், பாஸ்பேட்டும் ஏறும். இரையை நிறுத்தினால் பட்டினி, ஊட்டினால் நஞ்சு. இக்கத்திமுனையில் நடப்பதுதான் இவ்வளர்ப்பின் உண்மையான கடினம். நுரைப்பானை நாளின் சில மணி நேரம் நிறுத்திவைப்பது, நாள்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுவது, தனித் தொட்டியில் பெரும்பாசிகளை வளர்த்து நைட்ரேட்டை உறிஞ்சச் செய்வது எனப் பல வழிகள் உள்ளன. வோட்காவையோ வினிகரையோ மிகச் சிறு அளவில் விட்டு நுண்ணுயிரிகளைப் பெருக்கி, அவை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளச் செய்பவர்களும் உண்டு. இவற்றுள் அடிக்கடி நீர் மாற்றுவதே நம்பத்தகுந்தது. செலவும் அதிலேதான் அதிகம்.

கடற்கரையில் அமைந்த பெரிய காட்சியகங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கலிஃபோர்னியாவில் 1984-ல் திறக்கப்பட்ட மான்டெரே விரிகுடா மீன் காட்சியகம் ஓர் எளிய வழியைக் கையாள்கிறது. பகலில் பார்வையாளர்களுக்காக வடிகட்டிய தெளிந்த நீர். இரவில் அவர்கள் வீட்டுக்குப் போனபின் வடிகட்டாத கடல்நீர். அந்தக் கலங்கல் நீரில் வரும் மிதவை உயிரிகளை ஒட்டி வாழும் விலங்குகள் உண்கின்றன. காலையில் மறுபடியும் பளிங்கு நீர்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, பாறையின் கீழ்விளிம்பில் தலைகீழாகவோ செங்குத்துச் சுவரிலோ ஒட்டுவது ஏற்றது. இயற்கையில் அவை அப்படித்தான் தொங்குகின்றன. மேலே வண்டல் படியாது. டென்ட்ரோநெஃப்தியாவிலிருந்து சிறு துண்டுகள் உதிர்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தானே துண்டுகளைக் கழற்றிவிடுவதும், அவை வேர்போன்ற நீட்சிகளால் சில நாள்களில் ஒட்டி வளர்வதும் இதன் இனப்பெருக்க வழிகளுள் ஒன்று என்று எய்லாட்டில் நடந்த மற்றோர் ஆய்வு 1997-ல் காட்டியது. ஆனால் உதிர்வதோடு தாய்க்கொத்தும் நாள்கணக்கில் விரியாமல் கிடந்தால் அது வேறு செய்தி.

முதன்முறையாக முயல்பவர் டென்ட்ரோநெஃப்தியாவிலிருந்து தொடங்கக்கூடாது. சூரியப் பவளம் எனப்படும் டியூபாஸ்ட்ரேயா மென்பவளம் அன்று; ஆயினும் ஒளி வேண்டா வகைகளின் பழக்கத்தை அதனிடம் கற்கலாம். ஒவ்வொரு வாய்க்கும் குழலால் இரையை வைக்க முடியும் அளவுக்கு அதன் பாலிப்புகள் பெரியவை. அடுத்துக் கரிபியக் கடல் விசிறி வகையான டயோடோகார்ஜியா, அதன்பின் ஸ்கிளெரோநெஃப்தியா என்று படிப்படியாகச் செல்வது வழக்கம்.

'''சட்டமும் வணிகமும்'''

மன்னார் வளைகுடாவிலும் இவ்வகை மென்பவளங்களும் கடல் விசிறிகளும் உண்டு. 1902-ல் இலங்கையின் முத்துச்சலாபங்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சேகரித்த எட்டிழைப் பவளங்களை ஆர்தர் தாம்சனும் ஹெண்டர்சனும் 1905-ல் விவரித்து வெளியிட்டார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல்பவளங்கள், கரும்பவளங்கள், நெருப்புப் பவளங்கள், புல்லாங்குழல் பவளம் ஆகியவற்றோடு கடல் விசிறிகள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. அழகுக்காகக் கடல் விசிறியை உலர்த்தி வரவேற்பறையில் மாட்டும் பழைய வழக்கமும் குற்றமே.

பன்னாட்டு வணிகத்தில் நிலை வேறு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் கல்பவளங்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்றுமதி செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும், எண்ணிக்கையும் பதிவாகும். டென்ட்ரோநெஃப்தியா போன்ற மென்பவளங்கள் அப்பட்டியலில் இல்லை. ஆகவே கடலிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை கொத்துகள் எடுக்கப்பட்டுத் தொட்டிகளுக்குச் சென்றன என்பதற்கு அத்தகைய பதிவேடு வைக்கப்படுவதில்லை.